பாட்டு எதுவரைக்கும் போகும்?

ராக் பாடகர் ஒருத்தர் சுற்றுச்சூழல் அமைச்சர் ஆன கதை தெரியுமா மக்களே? ஆஸ்திரேலியாவின் மிட்நைட் ஆயில் குழு பாடகர் பீட்டர் காரெட். 2004ல் எம்.பி., 2007ல் அமைச்சர். அணு ஆயுத ஒழிப்புக் கட்சிக்காக 1984லேயே தேர்தலில் நின்னவர், 2009ல் யுரேனியச் சுரங்கம் ஒண்ணுக்கு அனுமதி கொடுத்தார். ரசிகர்கள் நொந்துட்டாங்க.

நம்ம சென்னைப் பொண்ணு சோஃபியா அஷ்ரஃப் கதை வேற. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு காயலான் கடையில் சிக்க, 2001ல் அதை மூடினாங்க. பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் நியாயம் கேட்டு வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. 2015 ஜூலையில் வந்துச்சு சோஃபியாவோட ராப் 'கொடைக்கானல் வோண்ட்'. லட்சக்கணக்கான பேர் பார்த்தாங்க. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோட இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது.

பாட்டுதான் ஜெயிச்சுதுன்னு சொன்னா, அத்தனை வருஷம் நடையா நடந்தவங்களுக்குப் பண்ற துரோகம். அவங்க குரலை ஊர் காதில் போட்டது பாட்டு. அவ்வளவுதான், ஆனா அதுவே பெருசு.

தாம்பரத்திலிருந்து ஆபீஸ் போற வழியில் தினமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்துலயே பெருங்குடி குப்பைமேடு. சதுப்பை விழுங்கின ஐ.டி. வளர்ச்சியில்தான் என் சம்பளமும். காரெட்டைத் திட்ட வாயெடுத்தா, இதுதான் ஞாபகம் வருது. உங்களுக்கு எப்படி?