மதுவம் குலங்கண்ட வரலாறு

பாணும் பியரும் ஆக்கிய மாந்தர், அவற்றை ஆக்குவித்த உயிரைப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கண்டிலர். 1680 இல் ஒல்லாந்தரான லீவன்ஹூக் பியரிலுள்ள நுண்ணுருண்டைகளைத் தமது நுணுக்குக்காட்டியிற் கண்டார். எனினும் அவை உயிருடையன எனக் கருதினாரல்லர்.

1837 ஐ ஒட்டிய காலத்திலேதான் பிரான்சின் கானியார் த லாத்தூர், ஜேர்மனியின் சுவான், கூற்சிங் ஆகிய மூவரும் தனித்தனியே ஆராய்ந்து, அவை அரும்பிப் பெருகும் உயிர்கள் என்றனர். 1838 இல் மேயன் சூட்டிய 'சக்கரோமைசிஸ்' என்னும் பெயர் 'சீனிப் பங்கசு' எனப் பொருள்படும். இரசாயனவியலாளர் சிலருக்கு இது பொறுக்கவில்லை. 1839 இல் லீபிக்கும் வோலரும் பெயர் குறியாது வெளியிட்ட அங்கதக் கட்டுரை, மதுவத்தைச் சீனியை உண்டு மதுசாரத்தைக் கழிக்கும் விலங்காகச் சித்திரித்தது. விலங்கென்பதை நீக்கிவிடின் அந்நகையாடலே உண்மைக்கு அண்மையதாயிற்று! 1857 முதல் பாஸ்டர் நடாத்திய ஆய்வுகள் நொதித்தலை உயிர்ச்செயலாக நிலைநாட்டின.

உயிரெனின், எக்குலத்தது? 1870 இல் ரீஸ் என்பார் மதுவக் கலத்தினுள், பையில் அடைபட்டனபோன்று, வித்திகள் தோன்றக் கண்டு, அதனை அஸ்கோமைசீற்றுப் பங்கசுக்களுடன் சேர்த்தார். இழையற்ற ஒற்றைக்கலம் இவ்வாறு இழையுடைய பங்கசுக்களின் உறவாயிற்று. அரும்புதலோ உறவுக்குச் சான்றாகவில்லை. 1924 இல் டெல்ப்ற் நகரிற் குளூவரும் வான் நீலும், அரும்பிப் பெருகும் மதுவமொன்று காளான்களைப் போல் வித்திகளை எறிவதைக் கொண்டு, அது காளான்களின் குலத்தைச் சார்ந்ததெனக் காட்டினர். ஆகவே மதுவம் என்பது ஒரு குலப்பெயரன்று. வெவ்வேறு குலங்கள் மேற்கொண்ட வாழ்க்கை முறையின் பெயரேயாம்.

வித்தி காணப்படாத மதுவங்கள் பல 'கன்டிடா' என்னும் சாதியில் ஒதுக்கப்பட்டன. அதனைச் சாதி என்பதிலும் தங்குமடம் என்பதே பொருந்தும். 1998 இல் கேட்ஸ்மனும் றொப்னெற்றும் ஏறத்தாழ 500 இனங்களின் இறைபோசோம் பரம்பரையலகுப் பகுதியை ஒப்பிட்டபோது, அம்மடத்தினர் எங்கெங்கோ சிதறி நின்றமை புலனாயிற்று. 2011 இல் மெல்பேண் மாநாடு ஒரு பங்கசுக்கு ஒரு பெயரே எனத் தீர்மானித்தது. 2023 இல், முழுப் பரம்பரைத் தொகுதிகளின் அடிப்படையில், அரும்பும் அஸ்கோமைசீற்று மதுவங்கள் 7 வகுப்புகளாகவும் 12 வருணங்களாகவும் பிரிக்கப்பட்டன.

இது பெயர்ச் சண்டை மட்டுமன்று. நோய் விளைக்கும் 'கன்டிடா கிளாபிராற்றா', தன் பெயரினமான 'கன்டிடா அல்பிக்கன்சு'க்கன்றிப் பாண் மதுவத்துக்கே நெருங்கிய உறவு. புளுக்கொனசோல் மருந்துக்கும் அல்பிக்கன்சைப்போல் எளிதில் அடங்குவதில்லை. அது 'நாக்காசியோமைசிஸ்' சாதிக்கு மாற்றப்பட்டுவிட்டது. ஆயினும் மருத்துவர் பலரிடம் பழைய பெயரே இன்னும் வழங்குகின்றது.