சோழி எண்ணிய கிரகணம்

1825-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் வசித்துவந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர், மே 31-ஆம் தேதி இரவு தொடங்கி ஜூன் 1 வரை நீண்ட சந்திர கிரகணத்தின் பரிச காலம், மத்திய காலம், மோட்ச காலம் ஆகிய மூன்றையும், தரையில் சோழிகளைப் பரப்பியும் நகர்த்தியும், அட்டவணைகளையெல்லாம் அசைகளும் சொற்களுமாக மாற்றி நெஞ்சில் பதித்து வைத்திருந்த ஞாபக சக்தி ஒன்றையே துணையாகக் கொண்டும் கணித்துக் கொடுத்தார். அதைக் குறிப்பெடுத்துக் கொண்டவர் ஜான் வாரன், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயரின் சேவையில் சேர்ந்து, லாம்டனின் நில அளவைக் குழுவில் உழைத்து, 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பையும் வகித்தவர். அவர் அதே 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற பெருநூல், தென்னாட்டார் காலத்தைக் கணிக்கும் முறைகளையெல்லாம் ஓர் அந்நியர் உட்கார்ந்து, கேட்டு, செய்து பார்த்து எழுதிய அபூர்வமான சாதனை. பஞ்சாங்கக்காரரின் பெயரை, தம் காதில் விழுந்தபடி, 'சாஷியா' என்று அவர் பதிந்திருக்கிறார். அந்த மனிதர் கணக்கில் கைதேர்ந்தவர் என்றும், ஆனால் அக்கணக்குக்கு ஆதாரமான சாஸ்திரத்தின் தத்துவம் அவருக்குச் சிறிதும் தெரியாது என்றும் வாரன் கருதினார்.

அந்தக் கணக்கின் சந்திரப் பகுதியை நாமும் ஒருமுறை செய்து பார்ப்பது, அதைப் பற்றிப் பத்துப் பக்கம் வர்ணிப்பதைவிடப் பயன் தரும். கலியுகத் தொடக்கத்திலிருந்து 1825 மே 31-ஆம் தேதி சூரியோதயம் வரை கழிந்த நாட்கள் 17,99,312. இதிலிருந்து 16,00,984 என்ற எண்ணைக் கழிக்க வேண்டும், இது கி.பி. 1282-இல், சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவில், அதாவது தன் உச்சத்தில், நின்ற ஒரு சூரியோதயத்தைக் குறிக்கிறது. மீதி 1,98,328. இதை 12,372-ஆல் வகுத்தால் ஈவு 16, மீதி 376. அதை 3,031-ஆல் வகுக்க இயலாது. 248-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 128. ஆகவே, நாளுக்கு ஒன்றாக மனப்பாடமான 248 வாக்கியங்களில், அதாவது சந்திரனின் பாகையைச் சொல்லும் சொற்றொடர்களில், 128-ஆவது வாக்கியத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, அது சொல்லும் பாகையோடு, அந்தத் தொடக்க நாளுக்கும் ஒவ்வொரு ஈவுக்கும் உரிய துருவத்தை, அதாவது முன்னரே குறித்துவைத்த பாகை அளவை, கூட்டினால், அன்று காலை சந்திரன் நின்ற இடம் கிடைத்துவிடும். சைன் அட்டவணையோ, வட்டத்துக்குள் வட்டம் வரையும் வேலையோ இதில் எதுவும் இல்லை. ஒரு கழித்தல், மூன்று வகுத்தல், சில கூட்டல்கள், அவ்வளவுதான்.

இந்த 248, 3,031, 12,372 ஆகிய எண்கள் மந்திர சக்தியால் வந்தவை அல்ல. சந்திரன் ஓர் உச்சத்திலிருந்து மறுபடியும் உச்சத்துக்கு வர ஏறத்தாழ 27.5546 நாட்கள் செல்கின்றன. இப்படி ஒன்பது சுற்றுகள் முடிய 248 நாட்களுக்கு மயிரிழைதான் குறைவு. 110 சுற்றுகள் 3,031 நாட்கள். 449 சுற்றுகள் 12,372 நாட்கள். எனவே 248 நாட்களுக்கு ஒருமுறை சந்திரனுடைய வேக ஏற்றத்தாழ்வு தொடக்கத்திலிருந்து திரும்ப நிகழ்கிறது. ஒருமுறை பட்டியல் போட்டுவிட்டால் தலைமுறை தலைமுறையாக அதையே புரட்டிக்கொண்டிருக்கலாம். வரருசியின் பெயரால் வழங்கும் அந்தப் பட்டியலின் முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை என்று சொல்கிறது. கடைசி வாக்கியம் ஒன்பது முழுச் சுற்றுக்கு மேல் 27 பாகை 44 கலை என்று முடிகிறது. எண்களைச் சொற்களாக்கும் தந்திரம் கடபயாதி. வாரன் பதிந்துள்ள கலைச்சொற்களில் 248-க்குப் பெயர் 'தேவரம்'. வடமொழி உச்சரிப்பில் 'தே' என்பது தவருக்கத்தின் மூன்றாம் எழுத்தாதலால் 8, 'வ' 4, 'ர' 2, வலமிருந்து இடமாகப் படித்தால் 248. எண்ணை மறந்தவன் சொல்லை மறக்கமாட்டான் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு இது; அதன் நேர்த்தியைக் கண்டு வியக்காதவர் கணக்கில் ருசியில்லாதவர் என்றே நான் நினைப்பேன்.

பலன் என்ன? உண்மையில் நிகழ்ந்ததோடு ஒப்பிடுகையில், புதுச்சேரிக் கணக்கு கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் பிழைபட்டது. நடுக் காலத்தின் 23 நிமிஷத்தை வானத்தில் அளந்தால் சந்திர பிம்பத்தின் பாதியளவுகூடத் தேறாது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் திருத்தப்படாத ஒரு தொடக்கத்திலிருந்து புறப்பட்டு இவ்வளவு அருகில் வந்து சேர்ந்ததை யாரும் அற்பமாகச் சொல்ல முடியாது. 52 நிமிஷப் பிழையை யாரும் மறைக்கவும் கூடாது.

மறைக்கத்தான் பார்க்கிறார்கள். நம்முடைய மேடைகளில் 1825-ஆம் ஆண்டுக் கணக்கை எடுப்பவர் குறைவு. எல்லோரும் எடுத்துக்காட்டுவது லெ ழாந்தீயின் கதை. 1761-இல் சூரியனைச் சுக்கிரன் கடப்பதைக் காண்பதற்காகப் பாரிஸிலிருந்து புறப்பட்ட இந்தப் பிரெஞ்சு வானநூலார், புதுச்சேரி ஆங்கிலேயர் வசப்பட்டுவிட்டதால் அந்நிகழ்ச்சியைக் கப்பலின் மேல்தட்டிலிருந்து பார்க்க நேர்ந்து, அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் கீழ்த்திசையிலேயே காத்திருந்து, 1769 ஜூன் மாதக் காலையில் புதுச்சேரியில் மேகம் மறைத்ததால் அதையும் இழந்து, 1771-இல் ஊர் திரும்பியபோது தாம் இறந்துவிட்டதாகவே எல்லோரும் முடிவு கட்டியிருந்ததைக் கண்டவர். அந்தக் காத்திருப்பில் அவர் தமிழரின் கணிதத்தைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30-ஆம் தேதிச் சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறையில் கணித்தபோது பிழை 41 விநாடி. ஐரோப்பாவில் அன்று மிகச் சிறந்தவையெனப் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் தந்த பிழையோ 68 விநாடி. கைதட்டல் இந்த இடத்தில்தான் எழும்புகிறது.

ஆனால் லெ ழாந்தீ புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது 1768-இல். அக்கிரகணம் நடந்து முடிந்து மூன்று வருஷத்துக்குப் பிறகு. அவர் ஒப்பிட்டது கிரகணம் நீடித்த அளவையே. அது எப்பொழுது தொடங்கியது என்பது வேறு கேள்வி. அதே முறை 1825-இல் கிரகணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வெவ்வேறு அளவில் பிழைபடச் சொன்னதென்றால், நீடிப்பளவில் மட்டும் முக்கால் மணிக்கு மேல் தவறியிருக்கிறது என்பதே அர்த்தம். ஒரு முறையின் யோக்கியதையை அதன் மிகச் சிறந்த ஒரு நாளைக் கொண்டு நிர்ணயிப்பது கணிதமாகாது. அது கல்யாணத் தரகரின் சாமர்த்தியம்.

இதற்கு மேலும் ஒரு ஸ்வாரஸ்யமான விஷயம் உண்டு. இந்தக் கட்டுரை எழுதப்படுவதே அதைச் சொல்வதற்காகத்தான். சந்திரனுடைய கதியில் இருக்கும் ஏற்றத்தாழ்வுகளில் பெரியது இரண்டு. முதலாவது, அதன் பாதை நீள்வட்டமாயிருப்பதால் வருவது. அது ஆறேகால் பாகைக்குச் சற்று அதிகம். இரண்டாவது, சூரியனுடைய ஈர்ப்பினால் அந்த நீள்வட்டமே உருமாறுவதால் வருவது. அது ஒன்றேகால் பாகை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இவ்விரண்டும் எதிரெதிராக நிற்பதால், மொத்த வித்தியாசம் ஐந்து பாகைதான். நம்முடைய சித்தாந்தங்களும் வாக்கியங்களும் சந்திரனுக்குக் கொடுத்திருக்கும் திருத்தம் எவ்வளவு? ஏறத்தாழ அதே ஐந்து பாகை! கிரகணத்தைப் பார்த்துப் பார்த்து அமைத்த கணக்கு, கிரகணம் நிகழக்கூடிய அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பொருந்திவிட்டது. அஷ்டமியன்றோ அவ்விரண்டு ஏற்றத்தாழ்வுகளும் ஒரே பக்கம் சேர்ந்து ஏழரைப் பாகையாகின்றன. ஐந்து பாகையை மட்டும் அறிந்த கணக்கு அன்று இரண்டரைப் பாகை வரை தவறுகிறது. திதியில் அது ஐந்து மணி நேரம். பழைய வாக்கியங்களைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமும், வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கமும் கிருஷ்ண ஜயந்தியை ஒட்டி வெவ்வேறு நாழிகைகளைச் சொல்லி வீட்டுப் பெரியவர்களைத் திகைக்க வைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கிரகணம் தவறினால் ஊரே கண்டுகொள்ளும். ஆற்றங்கரையில் ஸ்நானத்துக்கு நிற்கும் கூட்டம் பஞ்சாங்கக்காரரைச் சும்மா விடாது. அஷ்டமி ஐந்து மணி நேரம் தவறினால் யார் கண்டுகொள்வார்? பாதிச் சந்திரனின் விளிம்பு நேர்கோடாகிவிட்டதா, இன்னும் சற்று வளைந்திருக்கிறதா என்று வெறுங்கண்ணால் தீர்மானிப்பது கடினம். சோதனை இருந்த இடத்தில் கணக்கு செம்மையாயிற்று. சோதனை இல்லாத இடத்தில் பிழை மரியாதையோடு குடியிருந்தது. காரணத்தை அறிந்தவன் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பான்; வாக்கியத்தை மட்டும் அறிந்தவனுக்கு எந்த நாளை நம்பலாம், எந்த நாளை நம்பலாகாது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

நம் நாட்டில் சந்தேகப்பட்டவர்கள் இல்லாமற் போகவில்லை. பத்தாம் நூற்றாண்டில் முஞ்சாலர் இந்த இரண்டாவது திருத்தத்தைத் தம் லகுமானஸத்தில் எழுதியிருக்கிறார். கேரளத்துப் பரமேச்வரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து வைத்து, 1431-இல் 'திருக்கணிதம்' என்ற நூலால் பழைய கணக்கைத் திருத்தினார். இந்த வாக்கிய முறையை விளக்கும் 'வாக்கியகரணம்' என்ற நூலுக்கு உரை கண்ட தமிழ்நாட்டுச் சுந்தரராஜர், தம் ஐயங்களைக் கேரளத்து நீலகண்ட சோமயாஜிக்கு எழுதிக் கேட்டு விடை பெற்றார். சென்னை வானாய்வுக்கூடத்தில் உதவியாளராயிருந்து, 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், தொலைநோக்கியின் பிரத்தியட்சத்தோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். ஒரிஸ்ஸாவின் கண்டபடாவில் பிறந்த சந்திரசேகர சாமந்தரோ, மூங்கிலாலும் மரத்தாலும் தாமே செய்துகொண்ட கருவிகளைக் கொண்டு இரவுகளைக் கழித்து, மேற்சொன்ன திருத்தத்தையும் இன்னும் இரண்டு திருத்தங்களையும் ஐரோப்பிய நூல்களின் உதவியின்றியே கண்டறிந்தார். அவருடைய 'சித்தாந்த தர்ப்பணம்' 1899-இல் அச்சாயிற்று. வானத்தைப் பார்த்தவர்களும் வாக்கியத்தைப் பார்த்தவர்களும் ஒரே நாட்டில், ஒரே சாஸ்திரத்தின் பெயரால், பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்பதுதான் சரித்திரம்.

புதுச்சேரிக் கணக்குக்கு வேறொரு பெருமையும் கிடைத்தது. ஆட்டோ நாய்கபாவர் என்ற சரித்திர அறிஞர் 1952-இல் 'தமிழ் வானநூல்' என்ற கட்டுரையில், 248 நாள் முறையை வராகமிகிரர் வழியாகவும், ரோமப் பேரரசுக் காலத்துப் பாபிரஸ் ஏடுகள் வழியாகவும், கிறிஸ்துவுக்கு முற்பட்ட பாபிலோனின் களிமண் பலகைகள் வரை பின்தொடர்ந்து காட்டினார். அவரைக் கவர்ந்தது கணக்கின் துல்லியமன்று, அதன் ஆயுள். இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேற்பட்ட ஒரு வித்தை 1825-இல் ஒருவரது விரல் நுனியில் உயிரோடிருந்தது என்பது பெருமைக்குரியதே. தொட்டுத் திருத்தாததனாலேயே அது அவ்வளவு காலம் உருமாறாமல் கிடைத்தது என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட நம் காலத்துக் கணினித் தொழிலுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. இன்று கைப்பேசியில் திதி பார்ப்பவரும், அந்தச் செயலியை விற்பவரும், பல சமயம் அதை எழுதிய நிரலாளரும்கூட, உள்ளே ஓடும் கணக்கின் காரணத்தை அறியாமல் அதன் விடையை மட்டும் அறிந்தவர்களே. மேலும், எண்ணற்ற உதாரணங்களைக் கொடுத்துப் பழக்கி, தேர்வுக்கென்று வைத்த கேள்விகளில் தேறிவிட்டதென்று மார்தட்டி, காரணம் கேட்டால் காரணம் வேண்டாம், விடையைப் பாருங்கள் என்று சொல்லி விற்கப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் காணும்போது, பௌர்ணமியில் நன்றாகத் தேறி அஷ்டமியில் தவறிய கணக்கின் நினைவு எனக்கு வராமலிருப்பதில்லை. அந்தக் கருவிகளின் அஷ்டமி எங்கே இருக்கிறதென்று கேட்பவர் அத்தொழிலில் சிலரே. அவர்கள் குரலும் விற்பனையாளரின் குரலுக்குமுன் எடுபடுவதில்லை. சோழிக்காரருக்காவது ஒரு நியாயம் உண்டு. அவர் தம் கணக்கை யாருக்கும் சர்வரோக நிவாரணியாக விற்கவில்லை.

வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள விவாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ஆம் தேதி சனி மீனத்துக்குப் பெயர்ந்தது. திருநள்ளாற்றுக் கோயிலோ, தாங்கள் பின்பற்றும் வாக்கியப்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தது. அந்த வாக்கியப் பெயர்ச்சி வந்த 2026 மார்ச் மாதத்தில், திருக்கணிதக் கணக்கின்படி சனி மீன ராசிக்குள் ஏறத்தாழ எட்டுப் பாகை போய்விட்டிருந்தது. முழுச் சந்திரனைப் பதினாறு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிரம்பும் தூரம் அது. கோயிலின் சம்பிரதாயம் கோயிலுக்கு. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கலி நாளைக் கணக்கிட்டு, மூன்று எண்களால் வகுத்து, வாக்கியத்தை எடுத்துச் சந்திரனின் பாகையைக் காண்பதற்கு எட்டாம் வகுப்புக் கணிதமே போதும். மாணவர்களைத் தத்தம் பிறந்த நாளுக்கு அதைச் செய்யச் சொல்லுங்கள். மத்திய அரசின் ராஷ்டிரீய பஞ்சாங்கத்தில் உள்ள சந்திர நிலையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பௌர்ணமியை ஒட்டிப் பிறந்தவர்களுடைய பிழைகளையும் அஷ்டமியை ஒட்டிப் பிறந்தவர்களுடைய பிழைகளையும் கரும்பலகையில் தனித்தனியே எழுதி வையுங்கள். இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் என்ற கேள்வியை அவர்களே கேட்கட்டும்.