சமண்டலை மரமும் சாராயப் பீப்பாயும்

ஸ்கொட்லாந்தின் ஒற்றை மோல்ட் விஸ்கிகளில், குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிடப்படும் சிறப்புப் பதிப்புகள் உண்டு. வடிசாலையின் பெயர், வடித்த ஆண்டு, போத்தல்களின் எண்ணிக்கை என்பவற்றோடு, எந்த மரப்பீப்பாயில் முதிர்ந்தது என்ற விபரமும் அவற்றில் பெருமையோடு பொறிக்கப்படுகிறது. வடித்தெடுத்த மது நிறமற்றது. நிறத்தையும் மணத்தின் பெரும்பகுதியையும் அதற்கு அளிப்பது மரமே. 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் மரப்பீப்பாயில், ஸ்கொட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் முதிராத எதையும் ஸ்கொட்ச் என்று அழைக்க அங்குள்ள சட்டம் இடந்தருவதில்லை.

இலங்கையின் தென்னஞ் சாராயத்துக்கும் இத்தகையதொரு மரம் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல, தமிழில் சமண்டலை அல்லது சாவண்டலை. ஆங்கிலேய மரவணிகர் அதற்கு இட்ட பெயரோ 'திருகோணமலை மரம்' என்பதாகும். தாவரவியலாளர் வழங்கும் 'பெரியா' என்னும் பேரினப் பெயர், சென்னையில் பணியாற்றிய மருத்துவர் அன்ட்ரூ பெரியின் நினைவாக இடப்பட்டது.

திருகோணமலையின் பெயர் மரத்துக்கு வந்த காரணம் துறைமுகமே. கிழக்கிலும் வடக்கிலும் உள்ள வறண்ட காடுகளில் வெட்டப்பட்ட மரங்கள் இத்துறைமுகத்தின் வழியே சென்னைக்குச் சென்றன. அக்காலச் சென்னையில் கப்பல் அணையத் துறைமுகம் இருக்கவில்லை. கரையில் மோதும் பேரலைகளைக் கடந்து பயணிகளையும் சரக்கையும் இறக்கியவை மசூலாப் படகுகள். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட அப்படகுகளுக்கு இந்த மரம் பயன்பட்டது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும் இச்செய்தி இடம்பெறுகிறது.

அதே மரத்தின் உறுதியும் நீர் கசியாத தன்மையும் சாராய வடிப்போருக்கும் உவப்பாயின. மேற்குக் கரையில் சீவல் தொழிலாளர் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் மேல் நடந்து தென்னம்பாளையின் கள்ளை இறக்குகின்றனர். அது சில மணி நேரத்திலேயே தானாகப் புளித்துவிடும். அதனை வடித்து, சமண்டலைத் தொட்டிகளில் ஊற்றி முதிர வைப்பதே மரபு. ஓக் மரம் விஸ்கிக்கு வனிலா போன்ற மணத்தைக் கொடுக்கிறது. சமண்டலையோ அவ்வாறு தன் மணத்தால் மதுவை மூடிவிடாமல், தென்னையின் இயல்பை அதனிடமே விட்டுவைக்கிறது.

இத்தொழிலின் இலாபம் எங்கே சென்றது? பிரித்தானியர் சாராயக் குத்தகையை ஏலம் விட்டனர். அக்குத்தகையால் செல்வம் திரட்டிய தென்மேற்குக் கரைக் குடும்பங்களே பின்னாளில் நிலவுடைமையாளராகவும் அரசியல் தலைவர்களாகவும் உயர்ந்தன என்பதைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். கள் இறக்கியவரும், அதனைக் குடித்து நலிந்த ஏழைக் குடும்பங்களும், கிழக்கின் காட்டில் மரம் தறித்தவரும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இன்னொரு முரணும் உண்டு. திருகோணமலை என்ற பெயர் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இன்று அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அருங்காட்சிப் பொருளாகப் பேணப்படுகிறது. ஊரின் பெயரைப் பெற்ற கப்பலுக்கு நினைவகம் இருக்கிறது. ஊரின் பெயரைப் பெற்ற மரத்துக்கு அது இல்லை. கடற்படைத் தளத்தை 1957இல் பிரித்தானியர் கையளித்துச் சென்றபோது, மரத்தின் வணிகப் பெயரையும் நாம் மறந்துவிட்டோம்.

இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. பொருளோடு மண்ணின் பெயரையும் சேர்த்து விற்பதன் பயனை ஸ்கொட்லாந்துக்காரர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். சாராயம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் ஏற்றுமதியாகும் போத்தலில் 'ஹல்மில்ல' என்று எழுதும்போது, அம்மரம் நின்ற காட்டையும் அது கடந்து சென்ற துறைமுகத்தையும் ஒரு வரியிலாவது குறிப்பிடுவது நியாயம். அதைவிட முக்கியமானது, எஞ்சியுள்ள சமண்டலை மரங்களைக் காப்பதும் புதியவற்றை நடுவதும். நன்கு முதிர்ந்த சாராயத்துக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் போதும். அதனைத் தாங்கும் மரம் முதிர்வதற்கோ ஒரு மனித ஆயுள் வேண்டும்.