நாள்பட்ட கீழ்முதுகு வலி: சிகிச்சை வழிகள்

விலா எலும்புக் கூட்டின் கீழ் விளிம்பிலிருந்து பிட்டத்தின் கீழ் மடிப்பு வரையுள்ள பகுதியில் தோன்றும் வலி 12 வாரங்களைக் கடந்தும் நீடித்தால், அதை நாள்பட்ட கீழ்முதுகு வலி என மருத்துவம் வகைப்படுத்துகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இது பெரும்பாலும் இடுப்பு வலி. சில வாரங்களில் தானே அடங்கிவிடும் திடீர் வலியிலிருந்து இது கால அளவில் மட்டும் வேறுபடுவதில்லை. வலி நீள நீள நரம்பு மண்டலம் கூருணர்வு அடைகிறது. தூக்கக் குறைவு, வேலையைப் பற்றிய கவலை, குனியவே கூடாதோ என்ற அச்சம் எல்லாம் வலியோடு சேர்ந்துகொள்கின்றன. உலகில் 2020-ல் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகவும், 2050-ல் இது 84.3 கோடியாக உயரும் எனவும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. மனிதர் இயலாமையோடு கழிக்கும் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், அதற்குக் காரணமான நோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

இவ்வலிக்குச் சிகிச்சை தேடுவோரில் பலர் ஸ்கேனில் தொடங்கி, மாத்திரை, பெல்ட், ஊசி என்று சுற்றிக் கடைசியில் உடற்பயிற்சிக்கு வந்துசேர்கிறார்கள். ஆய்வுகள் காட்டும் வரிசை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது.

வலியின் வகைகள்

கீழ்முதுகு வலியோடு வருவோரில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு வலி எந்தத் திசுவிலிருந்து எழுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தசை, தசைநார், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு மூட்டுகள், ஜவ்வு எனப்படும் டிஸ்க் என எதுவும் காரணமாக இருக்கலாம். பல சேர்ந்தும் இருக்கலாம். இதைக் குறித்த காரணமற்ற வலி என்பர். வலி இருப்பதை இது மறுக்கவில்லை, கற்பனை என்றும் சொல்லவில்லை. கத்திவைத்துத் திருத்தக்கூடிய ஒற்றைப் பழுது கிடைக்கவில்லை என்பதுதான் பொருள்.

மீதியுள்ளோரில் முக்கியமானது சயாட்டிகா: பிட்டத்திலிருந்து தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் வலி. பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளை ஒட்டிய டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை உறுத்துவதால் வருகிறது. முதியோரிடம் தண்டுவடக் குழாய் குறுகும் நிலை உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் கால் கனத்துக் குடையும். உட்கார்ந்தாலோ முன்பக்கம் சாய்ந்தாலோ தணியும். இளைஞருக்கு அதிகாலையில் முதுகு விறைத்து, ஓய்வில் கூடி, நடமாடினால் குறைந்தால், அது முதுகெலும்பு அழற்சி வாதமாக இருக்கலாம். இதை மூட்டுவாத நிபுணர் பார்க்க வேண்டும். இதற்கென்றே தனி மருந்துகள் உள்ளன. வெறும் இடுப்பு வலி என்று பல ஆண்டுகள் தவறவிடப்படுவதும் இந்நோய்தான்.

அவசர அறிகுறிகள்

சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளுதல், மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல், சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்துப்போதல், இரு கால்களும் பலமிழத்தல் ஆகியவை முதுகுத்தண்டின் அடியிலுள்ள குதிரைவால் நரம்புத் தொகுதி நசுங்குவதன் அடையாளங்கள். அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். அறுவை தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகக் கெடலாம். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாகத் தோன்றும் வலி, கீழே விழுந்தபின் வரும் வலி, நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொண்டவரின் வலி ஆகியவற்றுக்கும் உடனே படம் எடுப்பது முறை. இந்தியாவில் இந்தப் பட்டியலில் காசநோயையும் சேர்த்தே ஆக வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் கூடும் வலி ஆகியவை சேர்ந்து வந்தால் முதுகெலும்புக் காசநோயை ஐயுற வேண்டும். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-ல் விவரித்த இந்நோய் மேலைநாட்டு வழிகாட்டிகளில் ஒரு வரியில் முடிந்துவிடும். இங்கே அப்படி முடியாது.

ஸ்கேனும் வலியும்

பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்தி வலி தரும் என்ற கருத்து 1934-ல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்களின் கட்டுரையால் நிலைபெற்றது. சயாட்டிகாவைப் பொறுத்தவரை அது சரியான கண்டுபிடிப்பு. ஆனால் அதன் பிறகு எல்லா முதுகு வலிக்கும் டிஸ்கே பொறுப்பு என்ற நம்பிக்கை பரவியது. எம்.ஆர்.ஐ. வந்தபின் அந்த நம்பிக்கைக்குப் படச் சான்றும் கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், வலியே இல்லாதவர்களின் படமும் அப்படித்தான் இருக்கிறது. முதுகு வலி இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-ல் வெளியிட்ட ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு ஒரு டிஸ்காவது வீங்கியிருந்தது. எல்லா டிஸ்குகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. வலியற்றோரின் படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரை, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்வு இருப்பதைக் காட்டியது. நரையைப் போல வயதோடு வருவது இது.

டிஸ்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அருகிலுள்ள முள்ளெலும்பின் முனைத்தகடு வழியாகக் கசியும் சத்தை நம்பியே அது வாழ்கிறது. முனைத்தகட்டின் நிலை இந்தக் கசிவை எப்படித் தீர்மானிக்கிறது என்பதைத் தொடர் எம்.ஆர்.ஐ. படங்கள் மூலம் ஆராய்ந்ததற்காகக் கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2004-ல் சர்வதேசப் பரிசு பெற்றனர். டிஸ்கின் முதுமை உயிரியல் முறையில் மெல்ல நடக்கும் ஒன்று. ஒருநாள் தண்ணீர்க் குடம் தூக்கியதால் மட்டும் வந்ததன்று.

படம் எடுத்ததால் வரும் தீங்கு பணச்செலவோடு நிற்பதில்லை. "ஜவ்வு விலகிடுச்சு", "எலும்பு தேஞ்சுபோச்சு" என்று கேட்டவர் அதன்பின் குனிய அஞ்சுகிறார். அஞ்சி அசையாமலிருக்க, தசை வலுவிழந்து வலி கூடுகிறது. டிஸ்க் வீங்கும்போது எலும்பு போன்ற எதுவும் இடம்பெயர்ந்து கிடப்பதில்லை. தள்ளி உள்ளே பொருத்திவிட அங்கே எதுவுமில்லை. முழுதாகப் பிதுங்கி வெளிவந்த துண்டுகூடப் பலருக்குச் சில மாதங்களில் தானே சுருங்குகிறது. அவசர அறிகுறிகள் இல்லாமலும், அறுவையோ ஊசியோ உத்தேசிக்காமலும் இருந்தால் ஸ்கேன் வேண்டாம் என்று வழிகாட்டிகள் கூறுவது இதனால்தான். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும் மருத்துவர், அதிலுள்ள எவையெல்லாம் அந்த வயதுக்கு இயல்பு என்பதையும் சொல்லி அனுப்பினால் பாதி அச்சம் அங்கேயே நீங்கும்.

ஓய்வும் படுக்கையும்

ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர் 186 பேரிடம் நடத்தி 1995-ல் வெளியிட்ட ஆய்வில், திடீர் முதுகு வலி வந்தபோது படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள். நாள்பட்ட வலிக்குப் படுக்கை ஓய்வை இப்போது எந்த முக்கிய வழிகாட்டியும் பரிந்துரைப்பதில்லை.

கட்டாந்தரையிலோ பலகையிலோதான் படுக்க வேண்டும் என்ற அறிவுரைக்கும் இதே கதிதான். நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 313 பேருக்கு ஸ்பெயினில் இரு வகை மெத்தை கொடுத்துப் பார்த்தனர் (2003). மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர இறுக்கமுள்ளதில் படுத்தவர்களுக்கே வலியும் இயலாமையும் அதிகம் குறைந்தன.

உடற்பயிற்சி

249 ஆய்வுகளைத் தொகுத்த 2021-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சி செய்தோருக்கு, சிகிச்சை பெறாதோரையும் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரையும்விட, 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாக 15 புள்ளி குறைந்ததாகக் கணக்கிட்டது. பிரமாதமான எண்ணன்று. ஆனால் பக்கவிளைவை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு இதைத் தெளிவாக மிஞ்சும் மருந்து இந்நோய்க்கு இல்லை.

எந்தப் பயிற்சி என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை பலருக்கு ஏமாற்றமளிக்கும்: வகைகளுக்கு இடையிலான வேறுபாடு சிறியது, விடாமல் செய்ய முடிவதே நல்ல பயிற்சி. நடை போதுமா என்றால், ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு பதில் தருகிறது. முதுகு வலியிலிருந்து அண்மையில் மீண்டவர்களில், படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சியும் பிசியோதெரபிஸ்டின் அறிவுரையும் பெற்றவர்களுக்கு வலி திரும்பும் வரையிலான நாட்களின் நடுவெண் 208, பெறாதவர்களுக்கு 112. யோகாவுக்கும் சான்று உண்டு. பெங்களூரு யோகப் பல்கலைக்கழகமொன்றில் 80 பேர் ஒருவாரம் தங்கிப் பயின்ற ஆய்வில் (2008) யோகக் குழுவினரின் இயலாமை அதிகம் குறைந்தது. பாஸ்டனில் 320 பேரிடம் செய்த ஆய்வில் (2017) யோகா பிசியோதெரபிக்கு இணையாக நின்றது.

தொடங்கும்போது வலி சற்றுக் கூடுவது வழக்கம். மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அது சேதத்தின் அறிகுறியன்று. முதல் வாரத்திலேயே வலி கூடிவிட்டது என்று பயிற்சியைக் கைவிடுவோரே மிகுதி. அளவைக் குறைத்துக்கொண்டு தொடர்வதே செய்ய வேண்டியது.

உளவியல் சார்ந்த சிகிச்சை

ஸ்காட்லாந்து எலும்பு மருத்துவர் கோர்டன் வாடெல் 1987-ல், முதுகு வலியை உடல், மனம், சமூகம் மூன்றும் சேர்ந்த ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். அறுவை மருத்துவர் ஒருவரிடமிருந்து அந்தக் குரல் வந்ததால் அது எடுபட்டது. இந்த வழியில் உருவானது அறிவாற்றல் செயல்பாட்டுச் சிகிச்சை. நோயாளி தன் வலியைப் புரிந்துகொண்டு, அஞ்சி ஒதுக்கிய அசைவுகளைப் பிசியோதெரபிஸ்ட் துணையோடு ஒவ்வொன்றாக மீட்டெடுக்கிறார். ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் நடந்த ஆய்வில் (2023) வழக்கமான கவனிப்பைவிட இது தெளிவாக மேலாக இருந்தது. பலன் ஓராண்டுக்குப் பின்னும் நீடித்தது. மனநல உதவி என்றதும் "எனக்கென்ன பைத்தியமா" என்று கேட்கும் வீடுகளில் இது பிசியோதெரபிஸ்ட் வழியாக வருவதே வசதி.

மருந்துகள்

டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் போன்ற அழற்சி தணிப்பு மாத்திரைகள் சிறிதளவு பலன் தருகின்றன. குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும். சிறுநீரகம், வயிறு, இதயம் மூன்றுக்கும் இவை ஆபத்து. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருந்துக்கடையில் தாங்களாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது தமிழ்நாட்டில் கண்கூடான தீங்கு. பாரசிட்டமால், சிட்னியில் சுமார் 1,650 பேரிடம் செய்த ஆய்வில் (2014) திடீர் முதுகு வலியிலிருந்து மீள்வதை விரைவுபடுத்தவில்லை. இங்கே தாராளமாக எழுதப்படும் பிரீகபாலின், சயாட்டிகா நோயாளிகள் 209 பேரிடம் நடந்த ஆய்வில் (2017) மருந்தில்லா மாத்திரையை விஞ்சவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. ஓபியாய்டு மருந்துகளும் ஓராண்டு நீண்ட ஆய்வின் முடிவில் (2018) சாதாரண வலிநிவாரணிகளை மிஞ்சவில்லை. ஊரில் விற்கும் சீட்டு ஒட்டாத "மூட்டுவலிப் பொடி"யில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. உடனே குணம் தெரிந்தால் அதையே ஐயுற வேண்டும்.

கருவிகளும் கைச்சிகிச்சையும்

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் இவ்வலிக்கென முதன்முறையாக வழிகாட்டி வெளியிட்டது. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், டென்ஸ் மின்தூண்டல் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி இங்கு புகழ்பெற்ற ஐ.எஃப்.டி. மின்சிகிச்சையையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது. பல பிசியோதெரபி நிலையங்களில் அரைமணி நேரச் சிகிச்சை முழுக்க இக்கருவிகளிலேயே கழிகிறது. கருவியைக் கழற்றியபின் பயிற்சி கற்றுத்தராத நிலையத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கையால் செய்யும் மசாஜையும் பயிற்சி பெற்றவர் செய்யும் முதுகெலும்பு நெறிப்படுத்தலையும் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி நிபந்தனையோடு ஏற்கிறது. சித்த மருத்துவத்தின் தொக்கணம் (உடல் பிடித்துவிடுதல்), ஆயுர்வேதத்தின் கடிவஸ்தி (இடுப்பில் எண்ணெய் தேக்குதல்), நொச்சியிலை ஒத்தடம் ஆகியவை தரும் ஆறுதல் உண்மை. அந்த ஆறுதல் கிடைக்கும் நேரத்தை நடக்கத் தொடங்கப் பயன்படுத்தினால் நீடித்த பலனும் உண்டு. சயாட்டிகாவோ எலும்புப்புரையோ உள்ளவர்களின் முதுகில் மிதித்துச் சுளுக்கெடுப்பது ஆபத்து.

ஊசியும் அறுவையும்

முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் நரம்பைச் சுடும் கதிரலைச் சிகிச்சையும் நாள்பட்ட முதுகு வலிக்கு வேண்டாம் என்று 2025-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழின் பன்னாட்டுக் குழு வலுவாகப் பரிந்துரைத்தது. வலி மருத்துவச் சங்கங்கள் பல இதை ஏற்கவில்லை, விவாதம் முடியவில்லை.

சயாட்டிகாவுக்கு அறுவை விரைவான நிம்மதி தரும். நெதர்லாந்தில் கடும் சயாட்டிகா உள்ள 283 பேரில் உடனே அறுவை செய்துகொண்டவர்கள் காத்திருந்தவர்களைவிட முன்னதாகத் தேறினார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர் (2007). காத்திருந்தோரில் கணிசமானோர் பிற்பாடு அறுவை செய்துகொண்டதையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். கால் வலி இல்லாத வெறும் முதுகு வலிக்கு முள்ளெலும்புகளை ஸ்க்ரூ வைத்து இணைக்கும் அறுவை வேறு கதை: பிரிட்டனில் 349 பேரிடம் செய்த ஆய்வில் (2005) தீவிர மறுவாழ்வுப் பயிற்சியைவிட அது தெளிவாக மேலானதென நிறுவப்படவில்லை. இவ்வகை அறுவை பரிந்துரைக்கப்பட்டால் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவசியம்.

தமிழ்நாட்டில்

சிசேரியனின்போது முதுகில் போட்ட ஊசிதான் ஆண்டுக்கணக்கான இடுப்பு வலிக்குக் காரணம் என்பது பெண்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. ஊசி குத்திய இடம் சில நாள் நோகலாம். பிரசவ வலிக்கு முதுகில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வில் (2002) நீண்டகால முதுகு வலியில் வேறுபாடு இல்லை. கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசை, குழந்தையைத் தூக்கும் பளு, தூக்கமின்மை ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். பிரசவத்துக்குப் பிந்தைய தசைப் பயிற்சியை யாரும் சொல்லித்தராததும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் பார்க்க வேண்டியவர் பெரும்பாலும் குடும்ப மருத்துவரோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோதான். அவசர அறிகுறிகளை விலக்கிவிட்டுப் பிசியோதெரபிக்கு அனுப்புவது அவர்களால் முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி கட்டணமின்றிக் கிடைக்கிறது, சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. நடமாட முடியாதோருக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள்.