திண்ம வடிவியலுக்குப் பிறகு: அமெரிக்க அறிவியல் உயர்நிலைப் பள்ளிகளில் மேல்நிலைப் பாடங்களின் தோற்றம்

கல்லூரித் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே நடத்திப் பொதுத்தேர்வு வைக்கும் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் (ஏ.பி.) திட்டத்தைப் பற்றி எழுதப் புகும் எவரும் கல்வி வரலாற்றாய்வாளர் ஜாக் ஷ்னைடரின் 2009ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவரது வாதம் நான்கு படிகள் கொண்டது. 1950களில் மேல்தட்டுப் பள்ளிகளின் கெட்டிக்கார மாணவர்களுக்காக இத்திட்டம் பிறந்தது. பின்னர் சமவாய்ப்பின் பெயரால் எல்லா வகைப் பள்ளிகளுக்கும் பரவியது. பரவப் பரவ அதன் மவுசு குறைந்தது. மவுசு குறையவே மேல்தட்டுப் பள்ளிகள் அதைக் கைவிட்டுத் தமக்கென்று தனிப் பாடங்களை வகுத்துக்கொள்ளத் தலைப்பட்டன. சுருக்கமாக, மேல்நிலைப் பாடம் என்பது அவர் பார்வையில் அந்தஸ்தின் அடையாளம். அது பொதுவுடைமையான கணமே மதிப்பிழக்கிறது.

தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை இந்த வாசிப்பு பலித்தது என்றே சொல்ல வேண்டும். 2018 ஜூனில் சிட்வெல் ஃபிரெண்ட்ஸ், செயின்ட் ஆல்பன்ஸ் உள்ளிட்ட வாஷிங்டன் வட்டாரத் தனியார் பள்ளிகள் எட்டு, 2022க்குள் ஏ.பி. வகுப்புகளை நிறுத்திவிடுவதாகக் கூட்டாக அறிவித்தன. ஆனால் அதே வட்டாரத்தில், வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில், தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1985இல் தொடங்கிய அரசுப் பள்ளி அது. அங்கே ஏ.பி. நுண்கணிதம் தொடர்கிறது, அதற்கு மேலே பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம் போன்ற விருப்பப் பாடங்களும் உள்ளன. ஷ்னைடர் சொல்வதுபோல் அந்தஸ்துதான் காரணம் என்றால், சொந்தமாக உயர்ந்த பாடங்களை வைத்திருக்கும் பள்ளி மவுசிழந்த முத்திரையை உதறியிருக்க வேண்டும். உதறவில்லை. ஆகவே அறிவியல் பள்ளிகளின் வரலாற்றை வேறோரிடத்திலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கிடைத்த சான்று சிறியது. 1979இல் இயற்பியல் நோபல் பெற்ற ஷெல்டன் கிளாஷோ, பரிசை ஒட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், தாம் படித்த நியூயார்க்கின் பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியைப் பற்றிச் சில வரிகள் தருகிறார். அன்றைய உயர்நிலைப் பள்ளிக் கணிதம் திண்ம வடிவியலோடு முடிந்துபோனது என்கிறார். நுண்கணிதத்தைத் தமக்குச் சொல்லிக்கொடுத்தவர் வகுப்புத் தோழர் டேனியல் கிரீன்பெர்கர். இடம், பள்ளியின் உணவுக்கூடம். ஸ்டீவன் வைன்பெர்க், ஜெரால்ட் ஃபைன்பெர்க் ஆகிய தோழர்களோடு சுரங்க ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஒருவரையொருவர் தூண்டி இயற்பியல் கற்றதையும் குறிப்பிடுகிறார்.

இக்குறிப்பை அப்படியே ஏற்பதில் சிக்கல்கள் உண்டு. கிளாஷோவும் வைன்பெர்க்கும் 1950இல் படிப்பை முடித்தவர்கள். குறிப்பு எழுதப்பட்டதோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. வெற்றி பெற்றவரின் நினைவு, பள்ளி தராததைத் தாமே தேடிக்கொண்டதாகச் சற்று மிகைப்படுத்தக்கூடும். மேலும், அந்த வாக்கியம் தம் பள்ளியை மட்டும் சுட்டுகிறதா, அக்காலப் பள்ளிகள் அனைத்தையுமா என்பதும் தெளிவில்லை. இருப்பினும் ஒன்றை மறுக்க முடியாது. அறிவியலுக்கென்றே 1938இல் நிறுவப்பட்ட பள்ளியில்கூட, மாணவரின் தேவை பாடத்திட்டத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாணவர்கள் மேல்தட்டினரும் அல்லர்: கிளாஷோவின் தந்தை ரஷ்யாவிலிருந்து குடியேறிய குழாய்த் தொழிலாளி, வைன்பெர்க்கின் தந்தை நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். முத்திரையோ தேர்வோ கல்லூரி மதிப்பெண்ணோ இல்லாத இடத்தில் உணவு மேசையில் நுண்கணிதம் நடந்தது. அந்தஸ்து இதை விளக்காது. அப்பள்ளியில் முதல் நுண்கணித வகுப்பு எந்த ஆண்டு நடந்தது என்பதை இச்சான்றைக்கொண்டு நிறுவ இயலாது; 1950க்குப் பிறகு என்பதற்கு மேல் செல்வது ஊகம்.

ஏ.பி.யின் பிறப்பிலும் ஷ்னைடரின் சித்திரம் பாதிதான் பொருந்துகிறது. ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் ஆகிய தனியார் பள்ளிகள் ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து 1952இல் வெளியிட்ட அறிக்கை அவர் பக்கம் நிற்கிறது. ஆனால் இன்னொரு ஊற்றான கென்யன் திட்டத்தின் செயல் இயக்குநர் வில்லியம் கார்னாக், பிலடெல்பியாவின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி என்ற அரசுப் பள்ளியின் முதல்வர். 1956இல் நடந்த முதல் ஏ.பி. தேர்வை 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் எழுதினர். சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஏவப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில் என்பதால், விண்வெளிப் பீதியே இப்பாடங்களை உருவாக்கியது என்ற பரவலான கதையை இங்கே விரித்து மறுக்க வேண்டியதில்லை.

என் வாதத்துக்கு வலுவான சான்று கணினியியலில் இருக்கிறது. 1984இல் ஏ.பி. கணினியியல் தேர்வு வந்தது. பிறகு அது 'ஏ', 'ஏபி' என இரண்டாகப் பிரிந்தது. இணைப்புப் பட்டியல், மரம், அடுக்கு போன்ற தரவுக் கட்டமைப்புகள் 'ஏபி'யின் பங்கு. எழுதுவோர் குறைவு என்று 2008இல் ஏ.பி. தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு 'ஏபி'யை நிறுத்த முடிவுசெய்தது. 2009 மே மாதத் தேர்வே கடைசி. தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியோ தரவுக் கட்டமைப்புகளைக் கைவிடவில்லை. எஞ்சிய 'ஏ' பாடத்தோடு அவற்றைச் சேர்த்து நடத்தி, மேலே செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக வைத்தது. இங்கே பள்ளி முத்திரையை விட்டு ஓடவில்லை. முத்திரைதான் பாடத்தை விட்டு விலகியது. பாடம் நின்ற இடத்திலேயே நின்றது.

ஒரே எடுத்துக்காட்டை வைத்து எல்லா அறிவியல் பள்ளிகளுக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பதை அறிவேன். கல்லூரி விண்ணப்பத்தில் கனமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை, விருப்பப் பாட வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருக்கும் இருக்கலாம். அதைப் பாடப் பட்டியல்கள் காட்டிக்கொடுக்காது. ஆனால் ஷ்னைடரின் விளக்கம் வெளியேறிய பள்ளிகளுக்கே உரியது. வெளியேறாமல் ஏ.பி.யைத் தரையாக வைத்து அதன்மேல் கட்டிய பள்ளிகளுக்கு அது பொருந்தாது. அங்கே விருப்பப் பாடம் என்பது, 1950க்கு முன்பே மாணவர்களிடம் இருந்த ஒரு தேவைக்குப் பள்ளி மிகத் தாமதமாகக் கொடுத்த கால அட்டவணை.