தோளில் ஒரு கொம்பு!

சேதராப்பட்டில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி, மிருகக்காட்சி சாலை வர்ணப் புத்தகத்தில் காண்டாமிருகத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். 'தப்பும்மா, சாம்பல் கலர்!' என்றார் தாத்தா. விடுங்க சார்! இதே மிருகத்தை வரையப்போய் ஒரு மேதையே கோட்டை விட்டிருக்கிறார்.

குஜராத் சுல்தான் முஸாபர் ஷா, போர்ச்சுகீசிய கவர்னர் அல்புகர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசளிக்க, அது கோவாவில் கப்பலேறி 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் மட்டும் பார்க்கவில்லை! நியூரம்பர்க்கில் இருந்த அவருக்குக் கிடைத்தது யாரோ வரைந்த ஒரு ஸ்கெட்ச்சும் ஒரு கடிதமும்தான். அதை வைத்தே படம் வரைந்து, மர அச்சில் வெளியிட்டுவிட்டார். தோல் மடிப்புகள் எல்லாம் போர்க் கவசத் தகடுகளாக மாறின. கால்களில் செதில். போதாததற்கு, தோள்களுக்கு நடுவே எக்ஸ்ட்ராவாக ஒரு குட்டிக் கொம்பு! ஐரோப்பியப் புத்தகங்கள் இருநூறு வருஷத்துக்கும் மேலாக அதைத்தான் காப்பியடித்தன.

நிஜக் காண்டாமிருகம் என்னவாயிற்று என்கிறீர்களா? போப் பத்தாம் லியோவுக்குப் பரிசாக, மறுபடி கப்பலேற்றினார்கள். 1516 ஆரம்பத்தில் இத்தாலியக் கரையருகே புயலில் கப்பல் மூழ்கியது. காண்டாமிருகம் நன்றாகவே நீந்தும். ஆனால், அதைச் சங்கிலியால் தளத்தோடு பிணைத்திருந்தார்கள்.