இல்லாத ஆண்டெனாவும் இல்லாமலாக்கப்பட்ட மனிதர்களும்

தொழில்நுட்பம் கத்தி மாதிரி. பழம் நறுக்குவதும் கழுத்தை அறுப்பதும் பிடித்திருப்பவன் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இடதுசாரி மேடைகளிலும் இதே உவமைதான். ஆனால் ஒரு கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதில் பெரும்பகுதி, அது யார் கைக்கும் போவதற்கு முன்பே வடிவமைப்பில் முடிவாகிவிடுகிறது. விமானத்திலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் ராடாரின் வரலாற்றை இந்தக் கோணத்தில் வாசிக்கலாம்.

ராடார் ரேடியோ அலைகளை அனுப்பி, மோதித் திரும்புவதை வாங்கிப் படமாக்குகிறது. இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. சிக்கல் ஆண்டெனாவில் இருந்தது. 3 செ.மீ. அலைநீளமும் 3 மீட்டர் ஆண்டெனாவும் என்று வைத்துக்கொள்வோம். 10 கி.மீ. தொலைவில் அதன் கற்றை 100 மீட்டர் அகலத்துக்குப் பரந்துவிடும். அதற்குள் அருகருகே நிற்கும் பத்து வீடும் ஒரே திட்டுதான். அதை 3 மீட்டராகக் குறுக்க வேண்டுமென்றால் 100 மீட்டர் நீள ஆண்டெனா வேண்டும். எந்த விமானத்தில் போய்க் கட்டுவது?

1951இல் அமெரிக்காவின் அரிசோனாவில், குட்இயர் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் வைலி இதற்கு ஒரு வழி கண்டார். விமானம் நகர்வதால், முன்னே கிடக்கும் பொருளின் எதிரொலியும் பின்தங்கிப்போகும் பொருளின் எதிரொலியும் அதிர்வெண்ணில் சற்றே மாறுபடும். அந்த மாறுபாட்டைக் கொண்டே ஒரே கற்றைக்குள் இருப்பவற்றைப் பிரித்துவிடலாம். வேறுவிதமாகச் சொன்னால், சின்ன ஆண்டெனா ஒன்று வழிநெடுக வாங்கிய எதிரொலிகளைச் சேமித்துப் பின்னர் ஒன்றுசேர்த்தால், அத்தனை இடத்திலும் ஆண்டெனாக்கள் வரிசைகட்டி நின்ற மாதிரி ஆகிவிடும். சிந்தெடிக் அபெர்ச்சர் ராடார் என்பது இதுதான். அந்த நீண்ட வரிசை உலகத்தில் எங்குமே இல்லை. கணக்கில் மட்டும் இருக்கிறது. கொள்கையளவில் இதன் துல்லியம் ஆண்டெனா நீளத்தில் பாதி. தொலைவு கூடினாலும் அது மாறாது. ஆண்டெனா சிறுக்கச் சிறுக்கப் பார்வை கூர்மையாகும் என்ற தலைகீழ் விதி இப்படி வந்தது. 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ராணுவத்துக்காக நல்ல துல்லியமான படங்களை எடுத்தார்கள். பனிப்போர்க் காலம், எல்லாம் ரகசியம்.

ரகசியம் தளர்ந்தபோது இந்தக் கண் எங்கே போனது? அமேசானுக்கு. 1964இல் ஆட்சியைப் பிடித்த பிரேசில் ராணுவ அரசு, 1970இல் ராடாம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மேகம் மூடிக்கிடந்ததால் சாதாரண விமானப் புகைப்படத்துக்கு அகப்படாமலிருந்த காடு அது. குட்இயரின் ராடாரைச் சுமந்த காரவெல் ஜெட் விமானம் அதன்மேல் வரிவரியாகப் பறந்தது. டயர் செய்த கம்பெனியின் கிளை நிறுவனம்; அந்த டயருக்கு ஆதியில் பால் கொடுத்த மரமோ இதே அமேசானுடையது.

அந்த ராடாரின் அலைநீளமும் சுமார் 3 செ.மீ. தான். அந்த அலை மேகத்தைத் துளைக்கும், இலையைத் துளைக்காது. காட்டின் உச்சித் தழையிலேயே பெரும்பாலும் மோதித் திரும்பிவிடும். ஆறும் மலைமுகடும் பாறைப் பிளவும் படத்தில் துலக்கமாக விழும். தழைக்குக் கீழே நடக்கிறவனும், அவன் பாதையும், அவன் பாட்டன் புதைந்த இடமும் விழாது. இதே 1970இல்தான் அமேசானின் குறுக்கே நெடுஞ்சாலை போடும் வேலை தொடங்கியது. மனிதரில்லா நிலம் நிலமில்லா மனிதருக்கு என்பது அரசின் முழக்கம். முழக்கத்தை ராடார் உண்டாக்கவில்லைதான். ஆனால் அந்த முழக்கத்துக்குப் பொருத்தமான படத்தை அது கொடுத்தது.

1975இல் யனோமாமி மக்களின் நிலத்தில் தாதுவளம் இருப்பதை ராடாம் ஆய்வு வெளியே கொண்டுவந்தது. 1980களின் இறுதியில் சுமார் 40,000 தங்கவேட்டைக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். மலேரியாவும் பாதரசமும் துப்பாக்கியும் கூடவே போயின. 1992இல்தான் அந்த நிலம் யனோமாமிகளுடையது என்று அரசு முறைப்படி ஏற்றது. அதன் பிறகும் ஊடுருவல் நிற்கவில்லை; 2023 ஜனவரியில் அங்கே சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. 1946க்கும் 1988க்கும் இடையில் குறைந்தது 8,350 பழங்குடியினர் கொல்லப்பட்டதாக பிரேசிலின் தேசிய உண்மை ஆணையம் 2014இல் பதிவு செய்தது. இந்தச் சாவுகளையெல்லாம் ஒரு ஆண்டெனாவின் தலையில் கட்டுவது அபத்தம். மனிதர்கள் இல்லாத வரைபடம் ஒன்று அதிகாரத்துக்கு எவ்வளவு வசதியானது என்பதுதான் இங்கே கேள்வி.

இதற்கு ஒரு மறுப்பு வரும். இன்றைக்கு இதே வகை ராடார்தானே, மழைக்காலத்தில் மேகத்துக்குக் கீழே நடக்கும் காடழிப்பைக் காட்டிக்கொடுக்கிறது? உண்மைதான். 70 செ.மீ. போன்ற நீண்ட அலைகள் தழையைக் கடந்து அடிமரம் வரைக்கும் போகும் என்பதும் உண்மை. ஆனால் இது கத்தி உவமைக்குச் சாதகமாகிவிடாது. 3 செ.மீ.யா 70 செ.மீ.யா என்பதை யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பாறை வேண்டுமா, மரம் வேண்டுமா என்ற கேள்வி அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அந்த அறையில் ஒரு யனோமாமி உட்கார்ந்ததில்லை.

கருவி யார் கையில் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நாம் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேருவோம். வடிவமைப்பைப் பொறியாளர் விஷயம் என்று ஒதுக்காமல், அங்கிருந்தே விமர்சனத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.